ஒரே மூச்சில் இருபத்தெட்டு

என் மனைவியின் தம்பி சடுகுடு ஆடுகிறவன். அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியூர் தெப்பக்குளத்தில் ஆட்டம். குளம் வறண்டு கிடக்கும் மாதங்களில் அதன் தரைதான் அந்தப் பக்கத்து ஆட்டக்காரர்களுக்கு மைதானம். எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு ஞாயிறன்று நான் நடு மண்டபத்து நிழலில் உட்கார்ந்து, அவன் எதிரணிக்குள் பாடிப் போய்த் திரும்புகிற நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்தேன். நாற்பத்தேழு விநாடி. அன்றைய டைரியில் அது இருக்கிறது.

அவர்கள் அணித் தலைவர் அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“அம்புட்டும் ஒரே மூச்சுன்னு எழுதிட்டீங்களாக்கும்?”

“ஆமா. பாட்டு எங்கயும் அறுகலையே.”

“நல்லா ஏமாந்தீங்கண்ணே. நடுவுல ரெண்டு தடவை திருடிட்டான். நடுவருக்கே தெரியல, உங்களுக்கா தெரியப் போகுது?”

மூச்சுத் திருடுவது என்றால் என்ன என்று பிறகு விளக்கினார். பாடிக்கொண்டே போகும்போது ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே, வாய் ஓயாமல், மூக்கு வழியாகக் காற்றை இழுத்துக்கொள்வது. பிடிபட்டால் ஆள் வெளியே. பிடிபடாவிட்டால் அதுவும் ஒரு வித்தை. அந்த வித்தையில் அவனுக்கு மேல் அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்றார். நான் நாற்பத்தேழுக்குப் பக்கத்தில் ‘முழுவதும் ஒரே மூச்சு அல்ல’ என்று எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி. அடுத்த மாதம் அது எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஐப்பசி மழையில் அவர்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்தார்கள். அவனும் நான்கு நாள் படுத்தான். தடுமன், தொண்டைவலி, உடம்புவலி. ஐந்தாம் நாள் எழுந்து வேலைக்குப் போனான். பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, லேத் முன்னால் நிற்கும்போது இரண்டு பாதமும் எறும்பு ஊர்வதுபோல் இருந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. அவன் குடித்திருக்கிறான் என்று நினைத்துக் கண்டக்டர் ஏசிவிட்டு விசில் கொடுத்துவிட்டார். புதன்கிழமை பாயிலிருந்து எழுந்து நிற்க முடியவில்லை. வாடகைக் காரில் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நகரத்துக்குள் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ளவில்லை. அடுத்த காலிலும் தட்டினார். பிறகு எங்களை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார்.

“காய்ச்சல் வந்தப்ப அந்தக் கிருமியை அடிக்க உடம்பு ஆளைத் திரட்டுச்சு. கிருமி போயிருச்சு. திரட்டின ஆளு கலைஞ்சு போகாம இப்ப நம்ம நரம்பையே அடிக்குது. கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும்.”

“சரியாயிருமா சார்?” என்று என் மனைவி கேட்டாள்.

“தானா சரியாகிற வியாதிதாம்மா. நரம்பு மறுபடி தேறிக்கும். வாரக்கணக்காகும், மாசக்கணக்கும் ஆகலாம். அதுவரைக்கும் அவர் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கணும். எங்க கவலை அது ஒண்ணுதான்.”

நெஞ்சுக்கூட்டை விரிக்கிற தசைகளுக்கும், வயிற்றுக்கு மேலே மூச்சை இழுக்கிற பெரிய தசைக்கும் அது ஏறிவிட்டால் மூச்சு நின்றுபோகும். இதில் மோசம் என்னவென்றால், ஆஸ்துமாக்காரரைப் போல ஆள் இரைக்க மாட்டார். சத்தமே இல்லாமல் படுத்திருப்பார். அதனால் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, ஒன்று, இரண்டு என்று அடுத்த மூச்சு எடுக்காமல் எண்ண வேண்டும். எத்தனை வரை போகிறது என்பதுதான் நெஞ்சில் எவ்வளவு பலம் மிச்சம் என்பதற்குக் கணக்கு. வேறு கருவி எதுவும் தேவையில்லை. எனக்கு அந்தச் சோதனை மிகவும் பிடித்துப் போயிற்று.

அந்த வார்டில் நாற்பது கட்டில். அதைக் கட்டியாண்டவர் ஒரு சிஸ்டர். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வெள்ளைப் புடவையில் இடது தோள் பக்கம் தலைகீழாகக் குத்திய ஒரு கடிகாரம். நான் ஆபீசில் பல அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். மேசையில் உட்காராமலேயே நாற்பது பேரின் கதையையும் தலையில் வைத்திருந்த ஒருவரை அங்கேதான் பார்த்தேன். பதினேழாம் கட்டிலுக்குக் கஞ்சி வரவில்லை என்பதை இரண்டாம் கட்டிலுக்கு ஊசி போட்டுக்கொண்டே சொல்வார்.

முதல் மூன்று தடவை அவரே எண்ண வைத்தார். நாற்பத்து நான்கு, முப்பத்தேழு, முப்பத்தொன்று. மூன்றையும் நான் டைரியில் நேரத்தோடு குறித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டார்.

“கோடு போட்டு எழுதுறீங்களே சார், எந்த ஆபீஸ்?”

“பொதுப்பணித் துறை. கண்மாய் மட்டம், மழை அளவு எல்லாம் எங்க செக்‌ஷன்ல தொகுக்கிறோம்.”

“அப்ப இதையும் தொகுங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எண்ணச் சொல்லி எழுதுங்க. பதினஞ்சுக்குக் கீழ வந்துச்சுன்னா நான் எங்க இருந்தாலும் கூப்பிடுங்க.”

எனக்கு அது பெருமையாக இருந்தது. எதையும் முறையாக விளக்கிச் சொல்லிவிட்டுச் செய்வது என் பழக்கம். அதனால் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு விவரமாகச் சொன்னேன். பதினைந்துக்குக் கீழே வந்தால் தொண்டைக்குள் குழாய் இறக்குவார்கள், வார்டின் கோடியில் இருக்கிற அறைக்குக் கொண்டுபோவார்கள், அங்கே மெஷின் மூச்சுவிடும் என்று. முதல் நாள் இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்த ஒரு பெரியவரைக் கோடி அறைக்குக் கொண்டுபோனதையும், சாயங்காலம் துணி போர்த்தித் தள்ளிக்கொண்டு வந்ததையும் அவன் பார்த்திருந்தான். அதை நான் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் எண்ணியது இருபத்தெட்டு. அடுத்த தடவையும் இருபத்தெட்டு. அப்புறம் இருபத்தேழு. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மறுபடி இருபத்தெட்டு.

“எம்புட்டு வந்துச்சு மச்சான்?”

“இருபத்தெட்டு.”

“போதும்ல?”

“தாராளமா போதும் மாப்ள.”

கைவிரல்கள் மடங்காமல் போயிருந்தன. முகத்தின் ஒரு பக்கம் லேசாகத் தொங்கியது. ஆனால் எண் நின்றுவிட்டதே என்று எங்களுக்கு நிம்மதி. டாக்டர்கூட என் டைரியை வாங்கிப் பார்த்து, “இந்த இடத்துல நின்னுருச்சு போல” என்றார். என் மனைவி இரண்டு நாளில் முதல்முறையாகக் காபி குடித்தாள்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நான் எண்ணச் சொன்னபோது, சிஸ்டர் மருந்துத் தட்டோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றுவிட்டார். நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு என்று முடித்தான்.

சிஸ்டர் தட்டைக் கீழே வைத்தார். “தம்பி, ஒரு தடவை இருமுங்க.”

இருமினான். பூனை தும்மியதுபோல ஒரு சத்தம் வந்தது.

“வேலை என்ன உங்களுக்கு?”

“லேத்து.”

“ஞாயித்துக்கிழமை?”

அவன் என்னைப் பார்த்தான். நான்தான் பதில் சொன்னேன். “சடுகுடு ஆடுவான் சிஸ்டர். தெப்பக்குளத்துல பேர் போன ஆளு.”

“பிடிக்கிற ஆளா, பாடுற ஆளா?”

“பாடுற ஆளு.”

சிஸ்டர் சிரித்தார். “எங்க அண்ணன் மூணு பேரும் பாடுற ஆளுகதான்.” பஞ்சை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அவன் மூக்கை மெதுவாக மூடிப் பிடித்தார். “வாயால ஒரு மூச்சு நல்லா இழுங்க. ம். இப்ப எண்ணுங்க.”

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆரம்பித்தான். ஏழில் குரல் தேய்ந்தது. ஒன்பதில் நின்றது. பத்து என்பதற்கு உதடு குவிந்தது, சத்தம் வரவில்லை. சிஸ்டர் கையை எடுத்தார்.

“ஒன்பது. எழுதிக்குங்க சார்.”

“காலையில இருபத்தெட்டு சிஸ்டர்” என்றேன்.

“காலையிலயும் இதே மூக்குதான் சார்.”

எங்கள் ஆபீசில் கண்மாய் மட்டத்தை அளவுக்கல்லில் பார்த்து எழுதி அனுப்புகிறவரை லஸ்கர் என்போம். அந்த மாதம்தான் ஒரு லஸ்கருக்கு நான் குறிப்பாணை அனுப்பியிருந்தேன். நான்கு நாள் ஒரே மட்டம் எழுதியிருந்தார். மடை திறந்திருக்கும்போது தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்காது. ஆகவே கல்லைப் பார்க்காமல் வீட்டிலிருந்தே எழுதியிருக்கிறீர் என்று விளக்கம் கேட்டிருந்தேன். என் டைரியில் நான்கு தடவை ஏறக்குறைய ஒரே எண் நின்றது. பாதத்திலிருந்து முகம்வரை எல்லாம் இறங்கிக்கொண்டிருந்த உடம்பில் மூச்சு மட்டும் நிற்குமா என்று நான் கேட்கவில்லை. அந்தச் சிஸ்டர் கேட்டார்.

அவர் அவனைத் திட்டவில்லை. நெற்றியில் கை வைத்துக்கொண்டு, “யார்கிட்ட தம்பி திருடுறீங்க? இங்க எதிரணியே கிடையாதே” என்றார்.

“அந்த ரூமுக்கு…” மூச்சு எடுத்தான். “போனா…” மறுபடி எடுத்தான். “திரும்ப மாட்டாக.”

“போகாட்டித்தான் திரும்ப மாட்டீங்க. பயப்படாதீங்க, நானும் கூட வாரேன்.” பேசிக்கொண்டே டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டிருந்தார். கட்டிலின் சக்கரப் பூட்டைக் காலால் தட்டி விட்டதும் அவர்தான்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குக் குழாய் இறக்கினார்கள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, சாயங்காலம்வரை விட்டிருந்தால் சத்தமில்லாமல் போயிருப்பான் என்றார்.

அந்த அறையில் இருந்த மெஷின் ஒன்றே ஒன்று. அதில் பாம்பு கடித்த ஒரு விவசாயி இருந்தார். அவர் தானாக மூச்சுவிடத் தொடங்கும்வரை இவனுக்குக் கையால்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும். குழாயின் முனையில் பொருத்திய, பப்பாளிப் பழம் அளவுள்ள ஒரு கறுப்பு ரப்பர் பை. அதை அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். ஒரு நிமிஷம்கூட நிறுத்தக் கூடாது.

“ஆள் வேணும் சார்” என்றார் சிஸ்டர், அமுக்கிக்கொண்டே. “அரை மணிக்கு ஒருத்தர். கை சலிக்காத ஆளா, சொன்னதைக் கேக்குற ஆளா.”

நான் அவனியாபுரம் பஸ் ஏறினேன். மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அணித் தலைவரிடம் இரண்டு வாக்கியம்தான் சொன்னேன். தலையில் இருந்த துண்டை எடுத்து உதறிவிட்டு, “வாரோம்ணே, நீங்க முன்னால போங்க” என்றார். இரண்டே முக்காலுக்கு ஆறு பேர் ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளை நிறுத்தினார்கள். ஒருவர் கையில் லேத் கிரீஸ் போகாமல் இருந்தது. சிஸ்டர் அவரைக் குழாயடிக்கு இரண்டு தடவை அனுப்பினார்.

பிறகு பாடம் நடத்தினார். “கடிகாரத்தைப் பாக்க வேண்டாம். நீங்க மூச்சு இழுக்குறப்ப பையை அமுக்குங்க. நீங்க விடுறப்ப பையை விடுங்க. உங்க நெஞ்சு ஏறுறப்ப அவர் நெஞ்சும் ஏறணும். அவ்வளவுதான்.”

அணித் தலைவர் தலையைச் சொறிந்தார். “மூச்சை அடக்கித்தான் சிஸ்டர் எங்களுக்குப் பழக்கம். விடுறதுக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரல.”

“இன்னைக்குக் கத்துக்கிட்டுப் போங்க.”

முதலில் பிடித்தவர் பதற்றத்தில் வேகவேகமாக அமுக்கினார். சிஸ்டர் அவர் முழங்கையைத் தொட்டார். “கோட்டைத் தொட்டுட்டு ஓடி வர்ற ஆட்டம் இல்லண்ணே இது. மெதுவா. அவரு எங்கயும் ஓட மாட்டாரு.”

நான் டைரியின் நடுப்பக்கத்தில் அரை மணிக்கு ஒரு வரியாக முறை போட்டேன். பெயர் எழுதி, பிடித்த நேரம், கைமாற்றிய நேரம். நாற்பத்தொரு மணி நேரம், எண்பத்திரண்டு வரி. ஒருவர்கூடத் தன் முறைக்குப் பிந்தவில்லை. மறுநாள் பிற்பகல் மூன்றரையிலிருந்து நான்கு வரை என் முறை. பத்து நிமிஷத்தில் கட்டைவிரல் கடுத்தது. இருபதாவது நிமிஷத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, நான் அவனுக்கு மூச்சுக் கொடுக்கிறேனா, அவன் என்னை ஒழுங்காக மூச்சுவிட வைக்கிறானா என்று. மூட்டை தூக்கிப் பழகிய கைகள் அந்த அரை மணியை எப்படி ஒரு பூவைப் பிடிப்பதுபோலப் பிடித்தன என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

அவனுக்கு நினைவு முழுதாக இருந்தது. பேச முடியாது, கை கால் அசையாது, இமை மட்டும் அசையும். ஒரு தடவை இமைத்தால் சரி. இரண்டு தடவை என்றால் வேகம் போதாது. சிஸ்டர் வைத்த விதி. இதை அறிந்துகொண்டதும் அணித் தலைவர் ஆரம்பித்துவிட்டார்.

“திருட்டுப்பய. அம்புட்டு வருசமா நடுவரை ஏய்ச்சே, நேத்து சிஸ்டரையும் ஏய்ச்சே. இப்ப பாரு, ஏழு பேரு மூச்சையும் இழுத்துக்கிட்டுச் சொகுசாப் படுத்திருக்கே. என்ன மாப்ள, போதுமா, இன்னுங் கொஞ்சம் போடவா?”

அவன் இரண்டு தடவை இமைத்தான். அறையில் எல்லோரும் சிரித்தோம். அவன் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. சிஸ்டர் பஞ்சால் துடைத்துவிட்டு, “சிரிக்க வைங்க, பையை நிறுத்திராதீங்க” என்றார்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குப் பாம்பு கடித்த விவசாயி தானாக மூச்சுவிட்டார். அவரைச் சக்கரக் கட்டிலில் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, அணித் தலைவர் குறுக்கே நின்று நிறுத்தினார். மைத்துனன் முகத்தைக் கையால் அந்தப் பக்கம் மெல்லத் திருப்பினார்.

“நல்லாப் பாத்துக்க மாப்ள. இந்த ரூமுக்கு வந்த ஆளு, கண்ண முழிச்சுக்கிட்டுப் போறாரு.”

விவசாயிக்கு விஷயம் புரியவில்லை. ஆனாலும் கும்பிட்டார்.

மெஷினில் இருபத்து மூன்று நாள் இருந்தான். நடுவே கழுத்தில் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். அந்த இருபத்து மூன்று நாளில் சிஸ்டர் செய்ததை எழுதினால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப எழுதியதுபோல் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தார், அல்லது வைக்கச் சொல்லி நின்று பார்த்தார். குழாயில் சேர்ந்த சளியை உறிஞ்சி எடுத்தார். முழுதாக மூடாத கண்ணுக்கு மருந்து விட்டு, ஈரத் துணி வைத்தார். அவன் உடம்பில் ஒரு இடத்தில்கூடப் படுக்கைப் புண் வரவில்லை. ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால், பதில் சொல்ல முடியாத அவனிடம், “தம்பி, இப்ப இடது பக்கம் திருப்பப் போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் செய்வார். நான் டைரியில் செய்கிற வேலையை அவர் ஆட்களோடு செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றும். பிறகு என் வேலை எவ்வளவு சுலபம் என்றும் தோன்றும்.

பலம் போன வழிக்குத் தலைகீழாகத் திரும்பி வந்தது. முதலில் முகம், பிறகு தோள், பிறகு கை. மெஷினை ஒரு நாளைக்குக் கால் மணி, அரை மணி என்று எடுத்துப் பார்த்தார்கள். கார்த்திகை பிறந்து நாளாகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கழுத்துக் குழாயை எடுத்துவிட்டு, துளையைப் பஞ்சும் துணியும் வைத்து மூடி ஒட்டினார் டாக்டர். ஒரு மணி நேரம் பார்த்தார்கள். அவன் தானாக மூச்சுவிட்டான்.

பதினொரு மணிக்குச் சிஸ்டர் வந்தார். என் மனைவியும் நானும் இருந்தோம். அணித் தலைவரும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

“எண்ணிப் பாக்கலாமா தம்பி?”

நான் டைரியை எடுத்துப் பழைய பக்கத்தைத் திருப்பினேன். நான் டைரியில் எதையும் அடிப்பதில்லை. தவறாக எழுதியதற்குப் பக்கத்தில் சரியானதை எழுதுவேன். இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தேழு, இருபத்தெட்டு. நான்குக்கும் பக்கத்தில் காலியாக விட்டிருந்தேன். உண்மையான எண் என்ன என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

சிஸ்டர் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். அவன் தலையை அசைத்தான், வேண்டாம் என்பதுபோல. போர்வைக்கு மேல் கிடந்த அவனுடைய வலது கை எழுந்தது. நெஞ்சுவரை வந்து நடுங்கி நின்றது. என் மனைவி தாங்கிப் பிடிக்கப் போனாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். கை மறுபடி ஏறியது. கன்னத்தில் முட்டி, தடவி, மூக்கைக் கண்டுபிடித்தது. இரண்டு விரலும் சேர்ந்து மூடின.

அவன் வாயால் மூச்சை இழுத்து எண்ணத் தொடங்கினான். குரல் கரகரப்பாக, மூக்கடைத்து, குழந்தை பேசுவதுபோல இருந்தது. அணித் தலைவர் உதடு அசைத்து அவனோடு எண்ணினார். பதினைந்தைத் தாண்டியதும் என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பத்தொன்பதில் நிறுத்தினான். கையை எடுத்துவிட்டு, ஒரு முழு மூச்சு, எல்லோரும் பார்க்கும்படி, நன்றாக இழுத்தான்.

“பத்தொம்பது மச்சான்” என்றான். “அம்புட்டுத்தான். அதையே எழுதுங்க.”